மழையில் கார் கண்ணாடி மூடிக்கொள்கிறதா? முதலில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வட சென்னையில், தண்டையார்பேட்டையில் வீடு, மணலியில் வேலை, தினமும் காரில் போய் வருகிறார். மழை பிடித்தால் முன் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொள்கிறது. ஏசி போட்டால் ஒருநாள் உடனே விலகுகிறது, இன்னொரு நாள் அதே ஏசியைப் போட்டதும் இன்னும் மோசமாக மூடுகிறது. யூடியூபில் ஹீட்டரைப் போடு என்கிறார்கள், தெரிந்த மெக்கானிக் ஏசியை அணைத்துவிடு என்கிறார். புது வைப்பர் மாட்டியும் ராத்திரியில் எதிரே கன்டெய்னர் லாரி வந்தால் கண்ணாடி முழுக்க வெளிச்சம் பரவி ரோடே தெரியவில்லை. யார் சொல்வதைக் கேட்பது என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் வேறு வேறு நாளைக்கு. ஆவி படிவது கண்ணாடியின் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பார்க்காமல் ஏசி பட்டனில் கை வைத்தால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும். பார்ப்பதற்கு ஒரு நொடி போதும், வைப்பரை ஒருமுறை தட்டுங்கள். விலகினால் வெளியே. விலகாவிட்டால் உள்ளே, விரலால் ஒரு கோடு போட்டால் தெரிந்துவிடும். ராத்திரியில் வெளிச்சம் பரவுவது இந்த இரண்டிலும் சேராது, அது பிசுக்கு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

வெளிப்பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதுதான் அதிகம், அதைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மேஜையில் வைத்ததும் வியர்க்கிறதே, அதேதான். மழை நாளில் சென்னைக் காற்று சுமார் 25 டிகிரி, ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி. அந்தக் காற்று 23 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் தண்ணீரைக் கக்கிவிடும். நீங்கள் ஏசியை 18இல் வைத்து, ஊதுவதைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டால் கண்ணாடி அந்த 23க்குக் கீழே போய்விடுகிறது, வெளியே உள்ள ஈரம் வந்து உட்காருகிறது. மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. மே மாத ராத்திரியில் எண்ணூர் விரைவுச் சாலையில் கடல் காற்று அடிக்கும்போது ஏசியைச் சில்லென்று வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், டேஷ்போர்டுக்கு மேலே கண்ணாடியின் கீழ்விளிம்பில் ஒரு பட்டை மாதிரி மூடும், பக்கக் கண்ணாடியில் ஏசி துவாரம் ஊதும் இடத்தில் மட்டும் ஒரு வட்டம் விழும். உள்ளே துணி போட்டு எவ்வளவு துடைத்தாலும் போகாது, போக வழியும் இல்லை.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. வைப்பரை ஒருமுறை ஓட்டுங்கள், ஊதும் திசையைக் கண்ணாடியில் இருந்து முகத்துக்கோ காலுக்கோ மாற்றுங்கள், வெப்பநிலையை 25, 26க்கு ஏற்றுங்கள். எண் காட்டாத பழைய மாதிரி ஏசி என்றால் நீலத்தின் கடைசியில் இருக்கும் குமிழைச் சிவப்புப் பக்கம் பாதி வரை நகர்த்துங்கள். அந்தக் குமிழை வாங்கிய நாளில் இருந்து நீலத்தை விட்டு நகர்த்தாதவர்கள் நம் ஊரில் ஏராளம், சென்னையில் எதற்கு ஹீட்டர் என்று. இங்கே விற்கும் பெரும்பாலான கார்களில் ஹீட்டர் இருக்கிறது, எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வரும் சூடான தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரேடியேட்டர் வழியாகப் போகிறது, அவ்வளவுதான். ஏசியும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடலாமா என்று கேட்பார்கள். ஓடலாம், மழைக்கு அதுதான் வேண்டும். காற்று முதலில் ஏசியின் குளிர்ந்த குழாய்களில் பட்டு ஈரத்தை அங்கேயே விட்டுவிடுகிறது, பிறகு ஹீட்டரில் கொஞ்சம் சூடேறி வெளியே வருகிறது. காய்ந்த காற்று, ஆனால் சில்லென்று இல்லை. உள்ளே படிந்ததும் போகும், வெளியே படிவதற்கும் இடம் கொடுக்காது. இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை: மழைக்காலத்தில் ஏசியை அணைக்க வேண்டாம், குளிரை மட்டும் குறையுங்கள்.

சரி, உள்பக்கம். இது நாம் விடும் மூச்சு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் மூச்சிலும் தோலிலும் சேர்த்து மணிக்குச் சுமார் 50 கிராம் தண்ணீரை ஆவியாக விடுகிறார். நாலு பேர் என்றால் 200 கிராம். காருக்குள் இருக்கும் காற்று மூன்று கன மீட்டர் அளவுதான், 25 டிகிரியில் அதனால் மொத்தமே 70 கிராம் போலத்தான் தாங்க முடியும். மழையில் நனைந்த சட்டை, பிள்ளைகளின் ரெயின்கோட், பின் சீட்டுக்குக் கீழே சொட்டும் குடை எல்லாவற்றையும் சேர்த்தால், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி இல்லாமல் உட்கார்ந்த சில நிமிடங்களிலேயே மூடிக்கொள்வதில் என்ன ஆச்சரியம். மழைத்தண்ணீர் ஓடும் கண்ணாடிதான் காரில் இருப்பதிலேயே குளிர்ந்த பரப்பு, ஈரம் அங்கேதான் போய் உட்காரும்.

இந்த நாளில் ஏசியை அணை என்று சொன்ன மெக்கானிக் சொல் கேட்டால் மோசம்தான். ஏசியைப் போடுங்கள், விசிறி வேகத்தைக் கூட்டுங்கள், காற்றை முன் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். வளைந்த மேல்விளிம்போடு விசிறி வடிவத்தில் மூன்று நெளி அம்புகள் போட்டிருக்கும் படம் முன் கண்ணாடிக்கு, செவ்வகத்தில் அதே அம்புகள் இருப்பது பின் கண்ணாடிக்கு. பல கார்களில் முன் கண்ணாடிப் படத்துக்குத் திருப்பினாலே ஏசியும் வெளிக்காற்றும் தானாக வந்துவிடும், விலை குறைந்த மாடல்களில் ஏசி பட்டனை நீங்களேதான் அழுத்த வேண்டும். விலகியதும் திசையை மாற்றிவிடுங்கள், அப்படியே விட்டால் கண்ணாடி குளிர்ந்து அடுத்த பத்து நிமிடத்தில் வெளிப்பக்கம் மூட ஆரம்பிக்கும். ஒருநாள் சரியாகிறது, இன்னொரு நாள் மோசமாகிறது என்று அவர் சொன்னதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், நிறையப் பேர் கவனிக்காதது. ஏசி ஓடும்போது காற்றில் இருந்து பிடித்த தண்ணீர் முழுவதும் உடனே வெளியே போய்விடுவதில்லை, குளிர்ந்த குழாய்களின் மேல் ஈரமாக ஒட்டியிருக்கும். நீங்கள் ஏசியை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓட விட்டால் அந்த ஈரம் முழுக்க ஒரே வீச்சில் காருக்குள் திரும்பி வரும், கண்ணாடி சட்டென்று மூடும். ரயில்வே கேட்டில் நிற்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று ஏசியை அணைப்பவர்களுக்கு இது நடக்கும். சிக்னலில் எஞ்சின் தானாக நிற்கும் வசதி உள்ள கார்களிலும் நடக்கும், எஞ்சின் நின்றால் ஏசியைக் குளிர வைக்கும் கம்ப்ரசரும் நிற்கிறது அல்லவா. மழை நாளில் அந்த வசதியை அணைத்து வையுங்கள், அதற்கென்று ஒரு பட்டன் இருக்கும்.

அடுத்து, உள்காற்றையே சுற்ற விடுவதா, வெளிக்காற்றை எடுப்பதா. எல்லாக் கையேட்டிலும் வெளிக்காற்று என்றுதான் போட்டிருக்கும், தத்துவம் சரிதான், மூச்சின் ஈரம் வெளியே போக வழி வேண்டும். ஆனால் கையேடு எழுதியவர் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரியின் புகைக்குழாய்க்குப் பின்னால் அரை மணி நேரம் நின்றவர் இல்லை. கொடுங்கையூர் குப்பைமேட்டைத் தாண்டும்போதும், மணலியில் காற்று அந்தப் பக்கம் திரும்பும்போதும் வெளிக்காற்றை உள்ளே எடு என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனசு வராது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும் வரை உள்காற்றைச் சுற்ற விட்டாலும் ஈரம் குறையத்தான் செய்யும், ஏசி அதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஏசி இல்லாமல் உள்காற்றைச் சுற்ற விடுவதுதான் தீமை. அதனால் லாரி நெரிசலில் உள்காற்று, நெரிசல் விலகியதும் சில நிமிடம் வெளிக்காற்று என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒரேயடியாக உள்காற்றிலேயே ஓட்டினால் தூக்கம் தள்ளும், அது வேறு.

ஏசியே வேலை செய்யவில்லை, அல்லது ஏசி இல்லாத வண்டி என்றால் நமக்கு ஒரு நல்ல காலம் உண்டு, வெளியே குளிர் கிடையாது. முன்னால் ஒரு கண்ணாடி, எதிர்மூலையில் பின்னால் ஒரு கண்ணாடி, இரண்டையும் இரண்டு விரல் அளவு இறக்குங்கள். காற்று குறுக்கே ஓடி உள்ளும் புறமும் ஒன்றாகிவிட்டால் படிவதற்குக் காரணமே இல்லை. மழை உள்ளே தெறிக்காமல் இருக்கத்தான் கதவுக்கு மேலே ஒட்டும் வைசர், ஜி.பி. ரோட்டில் எந்தக் காருக்கும் கிடைக்கும். நான் காருக்கு வாங்கச் சொல்லும் மிகச் சில ஒட்டுச் சாமான்களில் அது ஒன்று.

வழக்கத்தைவிட அதிகமாக, தினமும் காலையில் வண்டியைத் திறக்கும்போதே உள்பக்கம் மூடியிருந்தால் காருக்குள் எங்கோ தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரித் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒருமுறை இறங்கி ஏறியிருந்தால் கால்மிதியை எடுத்துக் காய வைத்தது போதாது, தரைவிரிப்புக்கு அடியில் ஒரு தடித்த பஞ்சு இருக்கிறது, அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் விடாது. விரிப்பின் மேல் டிஷ்யூ பேப்பரை வைத்துக் காலால் அழுத்துங்கள், நனைந்தால் சீட்டைக் கழற்றி விரிப்பைத் தூக்கிக் காயவைப்பது தவிர வழி இல்லை. சீட்டுக்குக் கீழே ஏர்பேக் ஒயர் ஓடும், அதனால் அதை வீட்டில் செய்ய வேண்டாம்.

இடதுபக்கம் முன்னால் உட்கார்பவரின் கால் அருகில் மட்டும் ஈரம் என்றால் பெரும்பாலும் ஏசி தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கும். ஏசி போட்டு நிறுத்தியிருக்கும்போது காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். விழுகிறதே என்று பயந்து வருகிறவர்கள்தான் அதிகம், மழைக்காலத்தில் விழாவிட்டால்தான் பயப்பட வேண்டும். பானட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தையும் பாருங்கள், மரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் வேப்பிலையும் புங்கம்பூவும் மக்கிப்போய் தண்ணீர் இறங்கும் ஓட்டையை அடைத்திருக்கும், அந்தத் தண்ணீர் அப்புறம் காருக்குள் வழி தேடும். கதவு ரப்பர் பீடிங் ஓரத்தில் பிய்ந்திருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடலாம். காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் பெரும்பாலான கார்களில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே கழற்றலாம். எங்கள் பக்கத் தூசிக்கும் சாம்பலுக்கும் கையேட்டில் போட்ட கிலோமீட்டர் வரை அது தாங்காது, அடைத்துப்போன ஃபில்டர் இருந்தால் விசிறியை நாலில் வைத்தாலும் கண்ணாடிக்குக் காற்று வராது.

காசிமேட்டில் மீன் வாங்கி ஐஸ் கட்டியோடு டிக்கியில் வைப்பவர்கள் மூடி உள்ள டப்பாவில் வையுங்கள். நாற்றத்துக்காக மட்டும் சொல்லவில்லை, ஐஸ் உருகி விரிப்பில் இறங்கினால் அடுத்த ஒரு வாரத்துக்குக் கண்ணாடி மூடும்.

இனி அந்த வெளிச்சம் பரவும் பிரச்சினை. வட சென்னையில் ஓடும் காரின் கண்ணாடியில் டீசல் புகை, நிலக்கரித் தூள், சாம்பல், கடல் உப்பு எல்லாம் சேர்ந்து ஒரு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும். வெயிலில் தெரியாது. மழைத்தண்ணீர் பட்டதும் வைப்பர் அதை எண்ணெய் மாதிரி இழுத்து விடும், எதிர் வெளிச்சம் அந்தக் கோடுகளில் எல்லாம் சிதறும். புது வைப்பர் போட்டும் போகவில்லை என்றால் குற்றம் வைப்பரில் இல்லை. கண்ணாடியை நன்றாகக் கழுவி அதன் மேல் ஒரு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். ஒரே தாளாக வழிந்தால் சுத்தம். அங்கங்கே திட்டுத் திட்டாக விலகினால் பிசுக்கு இருக்கிறது. சாதாரண ஷாம்பு அதை எடுக்காது, கண்ணாடிக்கென்று விற்கும் சீரியம் ஆக்சைடு பாலிஷ் அல்லது அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் மாதிரியான கிளே பார் போட்டுத் தேய்க்க வேண்டும். போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டதால் வந்த வெள்ளைப் புள்ளி என்றால் வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்துவிட்டுத் துடைத்தால் பெரும்பாலும் போகும், பெயின்டில் வழிய விடாதீர்கள்.

உள்பக்கமும் இதே கதைதான். புது காரில் வெயிலில் காயும் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கில் இருந்து கிளம்பும் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் பிசுக்காகப் படியும். அதோடு வாட்டர் வாஷ் கடையில் டேஷ்போர்டுக்குப் பளபளவென்று சிலிக்கான் பாலிஷ் அடித்து விடுவார்கள், அதுவும் கண்ணாடிக்கு ஏறும். பிசுக்கான கண்ணாடியில் ஆவி சீக்கிரம் படியும், படிவதும் குட்டிக் குட்டித் துளியாக நின்று கண்ணை மறைக்கும். பாலிஷ் வேண்டாம் என்று கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, இன்னொரு காய்ந்த துணியால் முடியுங்கள். உள்ளே இடவலமாக, வெளியே மேல்கீழாகத் துடைத்தால் கோடு விழும்போது எந்தப் பக்கத்துக் கோடு என்று தெரியும். ஆவி படிந்திருக்கும்போது கையாலோ கைக்குட்டையாலோ துடைப்பதை விட்டுவிடுங்கள், கை எண்ணெய்தான் அங்கே ஒட்டும், அடுத்த முறை அந்தக் கைத்தடமே முதலில் தெரியும்.

வைப்பர் ரப்பரைச் சென்னை வெயில் மழை வருவதற்கு முன்பே கெடுத்துவிடும். அக்டோபருக்கு முன் தூக்கிப் பார்த்து, விளிம்பு கல் மாதிரி இறுகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றுங்கள், வருடம் ஒருமுறை என்று வைத்துக்கொள்வது நல்லது. ரப்பர் நன்றாக இருந்தும் கடகடவென்று குதித்துக்கொண்டு ஓடினால் வைப்பரின் கை லேசாகத் திருகியிருக்கும் அல்லது கண்ணாடியில் மெழுகு ஒட்டியிருக்கும். காய்ந்த கண்ணாடியில் தூசியோடு வைப்பரைப் போடாதீர்கள், சாம்பல் தூள் கண்ணாடியைக் கீறும், அந்தக் கீறல் எந்தப் பாலிஷிலும் எளிதில் போகாது. வாஷர் டாங்கில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து துளை அடைக்கும், கேன் தண்ணீர் ஊற்றுங்கள். அதோடு வாஷர் திரவம் கொஞ்சம். பாத்திரம் தேய்க்கும் லிக்விடை ஊற்றினால் நுரைதான் வரும்.

தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடச் செய்யும் பூச்சு பற்றியும் கேட்பீர்கள். அது வேகத்துக்கானது. அறுபது எழுபதில் போகும்போது காற்று துளிகளைத் தள்ளிக்கொண்டு போகும், வைப்பரே தேவைப்படாது. மூலக்கடையில் பதினைந்தில் ஊர்ந்தால் துளிகள் அப்படியே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றும் ஒரு லாரி விளக்கைக் காட்டும். முன் கண்ணாடிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், பக்கக் கண்ணாடிக்கும் வெளி மிரருக்கும் போடுங்கள், அங்கே வைப்பர் கிடையாது, அது கொடுக்கும் பலன் தெரியும். சவரம் செய்யும் நுரையை உள்பக்கம் தேய்த்துத் துடைப்பதும், லாரிக்காரர்கள் வைப்பர் கெட்டுப்போனால் கண்ணாடியில் புகையிலையைத் தேய்ப்பதும் இதற்கு நேர் எதிரான வித்தை, தண்ணீரைத் துளியாக நிற்க விடாமல் மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகிறது. சவர நுரை ஓரிரு நாள் தாங்கும், ஏசி இல்லாத வண்டிக்கு உதவும். புகையிலை, வீடு போய்ச் சேருவதற்கு மட்டும்.

பின் கண்ணாடியில் சூடேறும் கம்பிகள் இருந்தால் அந்தச் செவ்வகப் பட்டனைப் போடுங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் பல கார்களில் தானாக அணைந்துவிடும். அந்தக் கோடுகளைப் பிளேடால் சுரண்டாதீர்கள், ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுக்க விலகாது. கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் மழை ராத்திரியில் மேலே சொன்ன எதைச் செய்தாலும் பாதிதான் தெரியும். முன், பின் கண்ணாடியில் குறைந்தது 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி, 2012இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிமுக்கு எதிராக உத்தரவிட்டதும் இதை வைத்துத்தான்.

மார்கழி, தையில் விடியற்காலை வண்டியை எடுக்கும்போது வெளியே பனி நனைத்திருக்கும், அதற்கு வாஷர் தண்ணீரும் வைப்பரும் போதும். போகிப் புகை வேறு, அது கண்ணாடியில் இல்லை, ரோட்டில் நிற்கிறது. ஹெட்லைட்டை டிம்மில் வைத்து மெதுவாகப் போவதைத் தவிர எந்தப் பட்டனும் உதவாது, நாலு பக்கமும் மினுக்கும் ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், நீங்கள் திரும்பப் போவது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உள்பக்கம் படிவது தொட்டால் வழவழப்பாக இருந்து, துடைத்தால் இழுபட்டு, காருக்குள் ஒரு இனிப்பு வாடையும் வந்தால் அது மூச்சின் ஈரம் இல்லை, ஹீட்டரின் சின்ன ரேடியேட்டரில் இருந்து எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிகிறது. எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் டப்பாவில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் அன்றே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், எஞ்சின் சூடேறி நடுரோட்டில் நின்றால் செலவு பல மடங்கு.